டாப்ளர்: அளவா, வேகமா?

கிளினிக் சுவரிலும் டயாலிசிஸ் மையத்தில் கொடுக்கும் தாளிலும், அல்ட்ராசவுண்டால் இரத்தக் குழாயின் ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் சோதனைக்கு ‘இரத்த ஓட்ட அளவுச் சோதனை’ என்று போடுகிறார்கள். அதிலுள்ள ‘அளவு’ தவறு. அந்த ஒரு சொல்லால் நோயாளிக்கு முடிவே தலைகீழாகப் புரிகிறது.

டாப்ளர் என்பது ஆளின் பெயர். ஆஸ்திரிய இயற்பியலாளர் கிறிஸ்டியன் டாப்ளர் 1842இல் இரட்டை விண்மீன்களின் நிறத்தை விளக்கப் போய்க் கண்ட விதி இது: அலை எழுப்பும் பொருள் நெருங்கினால் அதிர்வெண் கூடும், விலகினால் குறையும். பெயரைப் பெயர்க்க வேண்டாம். அல்ட்ராசவுண்டுக்கு ‘மீயொலி’ அருமையான சொல். மீ என்றால் மேல். 20,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி. ‘கேளா ஒலி’ என்றால் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதும் அதில் அடங்கிவிடும்.

இனி ‘அளவு’. மலேசியாவில் நாம் இதைப் பெயர்த்தது மலாய் மொழியிலிருந்து; அதில் ‘பெங்குகூரான் அலிரான் டாரா’ என்பார்கள். இரத்த ஓட்டத்தை அளத்தல். அளவீடு என்ற செயலை அளவு என்று சுருக்கியதும் ‘எவ்வளவு இரத்தம்’ என்ற பொருள் வந்து ஒட்டிக்கொண்டது. ஆனால் கருவி நேரடியாகக் காண்பது, ஓடும் சிவப்பணுக்களில் பட்டுத் திரும்பும் ஒலியின் அதிர்வெண் மாற்றத்தை. அதிலிருந்து கிடைப்பது வேகம். செம்பனைத் தோட்டத்து ஓடை மதகுக் குழாய்க்குள் நுழையும் இடத்தைப் பாருங்கள்: வழி குறுகியதும் தண்ணீர் சீறிப் பாயும். இரத்தக் குழாயும் அப்படித்தான். கழுத்துத் தமனியில் உச்ச வேகம் வினாடிக்கு 125 செ.மீ. தாண்டினால் பாதிக்கு மேல் அடைப்பு என்று ஐயப்படுவார்கள். 230 தாண்டினால் 70 விழுக்காட்டுக்கு மேல். ‘அளவு கூடியிருக்கு’ என்று மிஸ்ஸி (தாதி) சொன்னால், இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர் அதை நல்ல சேதி என்றுதானே எடுத்துக்கொள்வார்?

அளவும் பார்ப்பதுண்டு, டயாலிசிஸ் ஃபிஸ்டுலாவில், அதாவது டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்த குழாயில். ஆனால் அது கணக்குப் போட்டு எடுப்பது: குழாயின் குறுக்குப் பரப்பு × சராசரி வேகம் × 60. விட்டம் 6 மி.மீ., வேகம் வினாடிக்கு 40 செ.மீ. என்றால் நிமிடத்துக்குச் சுமார் 680 மி.லி. அதே குழாயை 5.5 மி.மீ. என்று அளந்தால் 570. ஃபிஸ்டுலா ஊசிக்குத் தயாரா என்று பார்க்க வழக்கமாக 600ஐ வைத்துக்கொள்கிறார்கள், அரை மி.மீ. பிழையில் ஆள் கோட்டுக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போய்விடுகிறார். கருவித்தலையை அழுத்திப் பிடித்தாலே போதும், குழாய் நசுங்கி விட்டம் பிசகும். ஜெல்லைத் தாராளமாகப் போட்டு, தோலில் பட்டும் படாமலும் பிடிக்க வேண்டும்.

கோணமும் கெடுக்கும். ஒலிக்கற்றைக்கும் ஓட்டத்துக்கும் இடைக்கோணம் 60 பாகைக்கு மேல் போகக் கூடாது. 60இல் 5 பாகை தவறினால் வேகம் சுமார் 15 விழுக்காடு பிசகும்; 30இல் அதே தவறு 5 விழுக்காடுதான். 90இல் பிடித்தால் அதிர்வெண் மாற்றமே இராது. ஓடுகிற இரத்தம் நின்றதுபோல் தெரியும்.

ஆகவே ‘டாப்ளர் இரத்த வேகச் சோதனை’ என்று எழுதுங்கள். தனித்தமிழ் விரும்பினால் ‘குருதி விரைவுச் சோதனை’. அதுவே எனக்கு உவப்பு. இன்னும் சிலர் இதை ‘ஊடுகதிர்’ என்கிறார்கள். அது எக்ஸ்ரே; மீயொலியில் கதிர்வீச்சே கிடையாது. கர்ப்பிணியைத் தேவையில்லாமல் கலங்கடிக்கும் மொழிபெயர்ப்பு இது. அகராதியைப் புரட்டுமுன் கருவி ஓடும் அறையில் பத்து நிமிடம் நின்று பார்க்கக் கூடாதா? தாளில் எண்ணை மட்டும் போடாமல் ‘வினாடிக்கு செ.மீ.’ அல்லது ‘நிமிடத்துக்கு மி.லி.’ என்று அலகையும் சேர்த்து அச்சிடுங்கள்.