இடையில் நின்று கேட்கும் காணொளி

நிலவின் பிறைகளை விளக்கும் எட்டு நிமிடக் காணொளிப் பாடம் ஒன்று ஓடிக்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்று நிமிடம் நாற்பதாவது நொடியில் ஆசிரியரின் குரல் நின்று, படம் உறைந்து, திரையில் ஒரு வினா எழுகிறது: முழு நிலவு நாளில், சூரியன் மறையும் வேளையில் நிலவு எங்கே இருக்கும்? கிழக்கே உதித்துக்கொண்டிருக்கும், உச்சிவானில் நிற்கும், மேற்கே மறையவிருக்கும் என மூன்று விடைகள் தரப்பட்டுள்ளன. உச்சிவானைத் தேர்ந்தவருக்கு ‘தவறு’ என்ற ஒற்றைச் சொல்லோடு காரியம் முடிவதில்லை. வளர்பிறை அரை நிலவின் இடத்தை அவர் முழு நிலவுக்குக் கொடுத்துவிட்டார் என்பதால், அந்தக் குழப்பத்தை மட்டும் தீர்க்கும் அரை நிமிடக் கிளைக் காட்சி ஒன்று ஓடி, அவரை அதே வினாவுக்குத் திரும்பக் கொண்டுவந்து விடுகிறது. மேற்கைத் தேர்ந்தவருக்கு வேறொரு கிளை. அவர் மனத்தில் இருந்தது மூன்றாம் பிறை.

இவ்வகைப் பாடத்தை ஊடாட்டக் காணொளி என்கிறோம். பார்ப்பவருக்கு வினாவும் படமும் ஒன்றாகத் தெரிந்தாலும், வினா காணொளிக் கோப்புக்குள் இருப்பதில்லை. உலாவியில் ஓடும் காணொளி, தான் எத்தனையாவது நொடியில் இருக்கிறது என்பதை, பொதுவாக நொடிக்கு நான்கு முறையேனும் நிரலுக்கு அறிவித்துக்கொண்டே இருக்கும். குறித்த நொடி கடந்துவிட்டதா என்று நிரல் ஒவ்வொரு முறையும் சரிபார்க்கிறது. ‘கடந்துவிட்டதா’ என்பது இங்கே முக்கியம்: ஓர் அறிவிப்பு 219.9 என்றும் அடுத்தது 220.1 என்றும் வரக்கூடும் என்பதால், சரியாக 220 வரட்டும் என்று காத்திருக்கும் நிரல் வினாவைத் தவறவிட்டுவிடும். நொடி கடந்ததும் நிரல் காணொளியை நிறுத்தி, அதன்மேல் கண்ணாடித் தாளைப் போல ஓர் அடுக்கை விரித்து, வினாவை அதில் எழுதுகிறது. நார்வேயில் உருவாகி 2013இல் வெளிவந்த, ஊடாட்டப் பாடங்களை உருவாக்க உதவும் திறமூலக் கருவியான ஹெச்5பி, இந்த அடுக்கின் விவரங்களை, அதாவது எந்த நொடியில், எவ்வகை வினா, எந்த விடைக்கு எங்கே தாவ வேண்டும் என்பனவற்றை, வெறும் எழுத்துக் கோப்பாகவே வைத்திருக்கிறது. ஆகவே, வினா சரியில்லை என்றால் பாடத்தை மறுபடி படம்பிடிக்க வேண்டியதில்லை. சில வரிகளைத் திருத்தினால் போதும்.

பொறியியல் இவ்வளவுதான். ஒரு காணொளியை நிறுத்தினால் கற்றல் ஏன் மேம்பட வேண்டும் என்பதே இதைவிடச் சுவையான கேள்வி.

‘அவ்வப்போது தட்டி எழுப்பினால் தூங்கமாட்டார்கள்’ என்பது பலரும் சொல்லும் விளக்கம். அதில் பாதி உண்மைதான் இருக்கிறது. 2013இல் கார்ல் ஸ்புனார், நோவால் கான், டேனியல் ஷாக்டர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், புள்ளியியல் பற்றிய 21 நிமிடக் காணொளி நான்கு துண்டுகளாக்கப்பட்டு, எல்லாக் குழுக்களுக்கும் ஒரே இடங்களில் நிறுத்தப்பட்டது. ஒரு குழுவுக்கு மட்டும் ஒவ்வொரு துண்டின் முடிவிலும் அதைப் பற்றிய சிறு தேர்வு இருந்தது. பாடத்தின் நடுவே ‘இப்போது மனம் வேறெங்காவது போயிருக்கிறதா?’ என்று கேட்டபோது, தேர்வு இல்லாதவர்கள் ஏறக்குறைய 41 விழுக்காடு முறை ஆம் என்றார்கள். தேர்வு எழுதியவர்களிடம் அது 19 விழுக்காடாக இருந்தது. அவர்கள் கூடுதலாகக் குறிப்பெடுத்தார்கள், இறுதித் தேர்விலும் முந்தினார்கள். நிறுத்தம் எல்லாருக்கும் பொதுவாக இருந்ததால், வேறுபாட்டை உண்டாக்கியது நிறுத்தம் அன்று. கேட்டதை நினைவிலிருந்து எடுத்துத் தர வேண்டியிருந்ததும், அடுத்த துண்டிலும் அப்படிக் கேட்கப்படும் என்ற எதிர்பார்ப்புமே.

நினைவிலிருந்து எடுப்பது நினைவையே வலுப்படுத்துகிறது என்பதை ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கும் 2006இல் தெளிவாகக் காட்டினார்கள். ஒரு பத்தியை இருமுறை படித்தவர்கள், ஒருமுறை படித்து ஒருமுறை நினைவுகூர்ந்து எழுதியவர்களை ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நிலை தலைகீழாகி, எழுதிப் பார்த்தவர்கள் 56 விழுக்காட்டையும் திரும்பப் படித்தவர்கள் 42 விழுக்காட்டையும் நினைவில் வைத்திருந்தார்கள்.

காணொளிக்கு இது கூடுதலாகப் பொருந்துவதற்கு ஒரு காரணம் உண்டு. சரளமாகப் பேசும் ஆசிரியரைக் கேட்கும்போது எல்லாம் புரிந்துவிட்டதாகத் தோன்றும். 2013இல் ஷானா கார்ப்பென்டர் குழுவினர் ஒரே பாடத்தைச் சரளமாகவும் தட்டுத்தடுமாறியும் சொல்லும் இரு காணொளிகளைக் காட்டியபோது, சரளமான பேச்சைக் கேட்டவர்கள் தங்களுக்கு நிறைய நினைவிருக்கும் என்று கணித்தார்கள். தேர்விலோ இரு தரப்பும் ஏறத்தாழ ஒன்றுதான். நடுவில் எழும் வினா இந்த மயக்கத்தை அங்கேயே கலைத்துவிடுகிறது.

ஆனால் எதை வேண்டுமானாலும் அழுத்தச் சொல்வது ஊடாட்டம் ஆகிவிடாது. பத்து நொடிக்கு முன் திரையில் எழுதியிருந்த சொல்லையே திரும்பக் கேட்கும் வினாவைப் போல அலுப்பூட்டுவது வேறில்லை. அதற்காக, ‘தொடர்க’ என்ற வெறும் பொத்தானை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது: மின்னல் உண்டாகும் விதத்தைக் காட்டும் அசைபடத்தை மேயரும் சாண்ட்லரும் 16 துண்டுகளாக்கி, கற்பவரே அழுத்தித் தொடரும்படி செய்தபோது, கற்றதைப் புதிய கணக்குகளில் பயன்படுத்தும் திறன் கூடியது. ஒரு துண்டை மனம் அடுக்கி வைத்துக்கொள்ளும் முன்பே அடுத்தது வந்து மோதாததே இதற்குக் காரணம். கைவேலைப் பாடங்களில் இது இன்னும் வெளிப்படை. 2004இல் ஷ்வானும் ரியெம்பும் கப்பல் முடிச்சுகளைக் கற்பித்த ஆய்வில், நிறுத்தவும் மெதுவாக்கவும் திருப்பி ஓட்டவும் உரிமை பெற்றவர்கள், கயிறு கயிற்றின்கீழ் நுழையும் சிக்கலான கட்டங்களில் தாமே அவ்வசதிகளைப் பயன்படுத்தி, மற்றவர்களைவிட விரைவாக முடிச்சைக் கற்றார்கள்.

காணொளியின் நீளத்துக்கு வரம்பாக ஆறு நிமிடம் என்ற எண் அடிக்கடி சொல்லப்படுகிறது. எட்எக்ஸ் என்ற இணையவழிக் கல்வித் தளத்தின் 69 இலட்சம் பார்வைகளை ஆராய்ந்து 2014இல் வெளியான கணிப்பிலிருந்து வந்தது அது. மாணவர்கள் எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதை அது சொல்கிறதே தவிர, மனிதக் கவனத்தின் எல்லையை அன்று. அதே ஆண்டு 862 காணொளிகளை ஆராய்ந்த மற்றோர் ஆய்வு ஆசிரியருக்கு அதிகம் உதவும் என்பேன். மாணவர்கள் கூட்டமாகத் திரும்பிச் சென்று பார்த்த இடங்களில் 61 விழுக்காடு, காட்சி மாறும் தருணங்களை ஒட்டியே இருந்தன. அவற்றுள் சில, படம் வேண்டிய நேரத்துக்கு முன்பே திரையை விட்டுப் போய்விட்ட இடங்கள்.

ஊடாட்டக் காணொளி இந்தத் தடயங்களோடு விடைகளையும் சேர்த்துத் தருகிறது. யார், என்ன செய்தார், எதன்மீது என்ற மூன்று உறுப்பு கொண்ட சிறு வாக்கியங்களாக ஒவ்வொரு செயலும் சேவையகத்தில் பதிவாகிறது. நம் நிலவுப் பாடத்தில் மாணவர் பலர் உச்சிவானையே தேர்ந்து, விடையளிக்கும் முன் மூன்றாவது நிமிடத்துக்குத் திரும்பிப் போயிருந்தால், ஆசிரியர் அந்த இடத்தைத் திறந்து பார்க்க வேண்டும். சூரியன், பூமி, நிலவு மூன்றையும் விண்வெளியில் மேலிருந்து பார்ப்பதுபோல் அங்கே வரைந்திருப்பார். தரையில் நிற்பவரின் அடிவானக் கோடு அந்தப் படத்தில் இருந்திருக்காது.