திரும்பும் நாளிலிருந்து திட்டம் போடுங்கள்

குளிர்கால விடுமுறை நெருங்கினால் என் கிளினிக்குக்கு ஒரு தனிக் கூட்டம் வரத் தொடங்கும். அவர்கள் உடம்புக்கு ஒன்றும் இருக்காது. குடும்பத்தோடு காரில் நெடுந்தூரம் போய், தீம் பார்க்கில் சில நாள் இருந்துவிட்டு வரப் போகிறவர்கள். பிள்ளைக்கு வாந்தி மாத்திரை வேண்டும், காய்ச்சல் மருந்து கைவசம் வேண்டும், அம்மாவின் சர்க்கரை மாத்திரையைக் கூடுதலாக எழுதித் தர வேண்டும். எழுதிக் கொடுத்துவிட்டு நான் ஒன்று கேட்பேன்: திரும்பி வரும்போது எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள்?

போகும் பயணம் எல்லோருக்கும் மனப்பாடம். எங்கே நிறுத்துவது, எந்த ஊரில் தங்குவது, கேட் திறந்ததும் எந்த ரைடுக்கு ஓடுவது என்று எக்செல் ஷீட்டே வைத்திருப்பார்கள். திரும்புவதைப் பற்றிக் கேட்டால் மட்டும் பெரும்பாலும் ஒரே பதில்தான்: “கடைசி நாள் ராத்திரி வாணவேடிக்கை முடிஞ்சதும் அப்படியே கிளம்பிடுவோம் டாக்டர். பசங்க தூங்கிட்டே வந்துருவாங்க, ரோடும் காலியா இருக்கும், ஒரு நாள் ரூம் வாடகையும் மிச்சம்.”

கேட்பதற்கு எல்லாமே நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைவிட மோசமான ஒரு கிளம்பும் நேரத்தை என்னால் யோசிக்க முடியவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கூட்டத்துக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும் என்று காலை 6 மணிக்கு எழுந்திருப்பீர்கள். நாள் முழுக்க நடை, வரிசையில் நிற்பது, தூங்கி விழும் சின்னதைத் தோளில் சுமப்பது. இரவு 11 மணிக்குச் சாவியைத் திருகும்போது நீங்கள் விழித்து 17 மணி நேரம் ஆகியிருக்கும். 1997-இல் நேச்சர் இதழில் வெளியான ஓர் ஆய்வில் டாசன், ரீட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அளந்து காட்டியது இதைத்தான்: 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. 24 மணி நேரம் விழித்திருந்தால் அது ஏறக்குறைய 0.10 சதவீதத்துக்குச் சமம். பல நாடுகளில் 0.05 இருந்தாலே ஓட்டுநர் உரிமத்துக்கு ஆபத்து. ஒரு சொட்டுகூடக் குடிக்காத பொறுப்பான அப்பா, குடித்தவரின் அனிச்சைச் செயல்களோடு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கிளம்புகிறார்.

இதோடு உடம்பின் கடிகாரமும் சேர்ந்துகொள்கிறது. பழக்கம் எப்படி இருந்தாலும், பின்னிரவு 2 மணியிலிருந்து 6 மணி வரை மூளை தூக்கத்தை நோக்கி இழுக்கும். அந்த நேரத்தில்தான், குறிப்பாக விடியலுக்குச் சற்று முன்னால், வெளியே குளிரும் உச்சத்தில் இருக்கும். ஈரச் சாலையில் கண்ணுக்கே தெரியாத மெல்லிய பனிக்கட்டிப் படலம் உருவாகும் நேரமும் அதுதான். பாலங்கள் முதலில் உறையும், ஏனென்றால் அவற்றின் மேலேயும் கீழேயும் குளிர்காற்று ஓடுகிறது. சாலை மிக வழுக்கலாக இருக்கும் பொழுதும் ஓட்டுபவர் மிக மந்தமாக இருக்கும் பொழுதும் ஒன்றாக வந்து சேர்கின்றன. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் 4 விநாடி கண் அசந்தால் வண்டி 110 மீட்டருக்கு மேல் ஆளில்லாமல் ஓடியிருக்கும். இப்படி அசந்தவர்களில் பலர், “நான் தூங்கவே இல்லையே” என்று சத்தியம் செய்வார்கள். பொய் இல்லை. அத்தனை சின்னத் தூக்கம் நினைவில் பதிவதே இல்லை.

“ஜன்னலை இறக்கிவிட்டுக்குவேன், பாட்டை சத்தமா வெச்சுக்குவேன்” என்பார்கள். இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் ரெய்னர், ஹார்ன் என்ற இருவர் இரண்டையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். குளிர்காற்றும் ரேடியோவும் கொஞ்ச நேரத்துக்கு லேசாக உதவுகின்றன, அவ்வளவுதான். அவர்கள் சோதித்ததில் உருப்படியாக வேலை செய்தது காபியும் குட்டித் தூக்கமும் சேர்ந்த கூட்டணி. பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, ஒரு காபியைக் குடித்துவிட்டு உடனே 15 நிமிடம் கண்ணை மூட வேண்டும். காஃபின் வேலை செய்ய அரை மணி நேரம் வரை ஆகும் என்பதால், நீங்கள் எழும்போது அது ரத்தத்தில் ஏறத் தொடங்கியிருக்கும். நல்ல உத்திதான். ஆனால் அடுத்த ஊரில் அறை எடுக்கும் வரை தாக்குப்பிடிக்க மட்டுமே இது. ராத்திரி முழுக்க ஓட்டுவதற்கு இதை நம்பக் கூடாது.

சரி, அப்படியானால் எப்படித் திட்டமிடுவது? பின்னாலிருந்து எண்ணுங்கள். வேலைக்குப் போக வேண்டிய நாளைக் குறியுங்கள். அதற்கு முந்தைய நாளை வீட்டில் காலியாக விடுங்கள். அதற்கு முன்னால் திரும்பும் பயணத்துக்கான நாட்கள், ஒவ்வொன்றும் காலை வெளிச்சத்தில் தொடங்கி இருட்டுவதற்கு முன் முடிய வேண்டும். குளிர்காலத்தில் பகல் சிறியது என்பதை மறந்துவிட்டு, கோடையில் ஓட்டிய தூரத்தையே போட்டுவிடுகிறோம். அதற்கும் முன்னால், பூங்காவின் கடைசி நாளுக்கும் புறப்படும் காலைக்கும் நடுவில், ஒரு முழு இரவுத் தூக்கம். இதெல்லாம் போக மிஞ்சுவதுதான் பூங்காவுக்கான நாட்கள். மூன்று நாள் டிக்கெட் என்று நினைத்திருந்தது இரண்டாகலாம். பிள்ளைகள் முகம் சுருங்கும்தான். இருந்தாலும் வெட்டுவதாக இருந்தால் அங்கேதான் வெட்டச் சொல்வேன்.

ஒரு நாளில் எவ்வளவு ஓட்டலாம் என்று கேட்பவர்களுக்கு, தொழில்முறை ஓட்டுநர்களுக்கு இருக்கும் சட்டத்தைச் சொல்வேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் லாரி ஓட்டுபவர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தாக வேண்டும். ஒரு நாளைக்குப் பொதுவாக 9 மணி நேரம்தான். அமெரிக்காவில் 11 மணி நேரம் ஓட்டலாம், அதுவும் தொடர்ச்சியாக 10 மணி நேரம் பணியில்லாமல் இருந்த பிறகு. அவர்களுக்கு அது அன்றாடப் பிழைப்பு, பின்சீட்டில் சண்டை போடும் பிள்ளைகளும் கிடையாது. நமக்கு எந்தச் சட்டமும் இல்லாததால் 14 மணி நேரம் ஓட்டியதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். குளிர்காலத்தில் ஓய்வு நேரம் நீங்கலாக 7 மணி நேரம் போதும் என்பது என் கருத்து. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இறங்கி நடங்கள்.

இங்கே மனைவிமார்களிடம் தனியாக ஒரு கேள்வி. அவர் பலமாகக் குறட்டை விடுகிறாரா? நடுவில் மூச்சு நின்று, பிறகு திணறி இழுக்கிறாரா? பகலில் சிக்னலில் நிற்கும்போதே கண் சொருகுகிறதா? அப்படியென்றால் அது தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயாக இருக்கலாம். அவர் 8 மணி நேரம் படுத்திருந்தாலும் தூங்கியதாகக் கணக்கில்லை. பயணத்துக்கு முன்பே பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே சிபேப் கருவி (இந்த நோய்க்காகத் தூங்கும்போது முகமூடி வழியே காற்றை அழுத்திச் செலுத்துவது) வைத்திருப்பவர்கள் அதைக் கட்டாயம் எடுத்துப் போக வேண்டும். டிக்கியில் இடமில்லை என்று நான்கு இரவுகள் அதை விட்டுவிட்டுப் போய், ஐந்தாம் நாள் ஸ்டியரிங்கைப் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். (மனைவி குறட்டை விட்டால் கணவரும் இதே கேள்வியைக் கேட்கலாம். பெண்களிடம் இந்த நோய் எளிதில் கவனத்துக்கு வருவதில்லை.)

அடுத்தது மாத்திரைப் பை. பிள்ளைக்கு வாங்கிய வாந்தி மாத்திரையில் பாதியை, “எனக்கும் ஒரு மாதிரி இருக்கு” என்று அப்பா போட்டுக்கொள்வார். வாந்தி மாத்திரைகளில் பலவும், சளிக்கு நாமே வாங்கிப் போடும் குளோர்பெனிரமின் போன்றவையும் தூக்கத்தை வரவழைப்பவை. ஓட்டப் போகிறவருக்குச் சளி பிடித்திருந்தால் மருத்துவரிடம் அதைச் சொல்லியே மருந்து வாங்குங்கள். பிள்ளைகளைப் பொறுத்தவரை, பயண வாந்தி 2 வயதிலிருந்து 12 வயது வரைதான் அதிகம். கைபேசியைப் பிடுங்கி வைத்துவிட்டு, முன்னால் தெரியும் சாலையைப் பார்க்கச் செய்தாலே பாதி சரியாகிவிடும். மாத்திரை வேண்டுமென்றால் கிளம்புவதற்கு அரை மணி நேரமாவது முன்னால் கொடுக்க வேண்டும். வாந்தி தொடங்கிய பிறகு கொடுத்தால் மாத்திரையும் வெளியே வந்துவிடும்.

இன்சுலினை டிக்கியில் வைக்காதீர்கள். வெயிலில் கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும், உறைந்தாலும் கெடும் என்பது பலருக்குத் தெரியாது. ஒரு முறை உறைந்த இன்சுலினை மறுபடி உருகவைத்துப் பயன்படுத்தக் கூடாது, பார்க்கச் சாதாரணமாக இருந்தாலும் சரி. இரவில் அறைக்குப் போகும்போது மருந்துப் பையைக் காரில் விட்டுவிடுவதுதான் வழக்கமான சிக்கல். சர்க்கரை பார்க்கும் கருவியும் ஆஸ்துமா இன்ஹேலரும்கூடக் கடுங்குளிரில் ஒழுங்காக வேலை செய்யாது. மூன்றையும் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தை இருக்கை வாங்குவதற்குக் காட்டும் அக்கறையைப் பலர் குழந்தையின் உடையில் காட்டுவதில்லை. உப்பலான குளிர் ஜாக்கெட்டைப் போட்டு, அதன் மேல் பட்டையை இறுக்கினால், இறுக்கமாக இருப்பது போலத்தான் தெரியும். மோதலின்போது உள்ளே இருக்கும் பஞ்சு நசுங்கி, பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே பெரிய இடைவெளி விழுந்துவிடும். ஜாக்கெட்டைக் கழற்றுங்கள், மெல்லிய உடையின் மேல் பட்டையைப் பூட்டுங்கள், தோள் பக்கத்தில் பட்டையை விரலால் கிள்ள வராத அளவுக்கு இறுக்குங்கள், பிறகு மேலே போர்வையைப் போர்த்துங்கள். ஒரு நிமிட வேலை.

வண்டியைப் பற்றி மெக்கானிக்கிடம் கேளுங்கள், அது என் துறை இல்லை. எனக்குத் தெரிந்தது ஒன்று: குளிர் கூடக்கூட டயரின் காற்றழுத்தம் குறையும், ஏறத்தாழ 5.5 டிகிரி செல்சியஸ் இறங்கினால் 1 பி.எஸ்.ஐ. பேட்டரியையும் கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள்.

ஆனால் பனியில் சிக்கி நின்றுபோனால் அது என் துறைக்கு வந்துவிடுகிறது. காரை விட்டு இறங்கி உதவி தேடி நடக்காதீர்கள். பனிப்பொழிவில் கார்தான் மீட்பவர் கண்ணுக்குத் தெரியும். சூட்டுக்காக எஞ்சினை ஓட்டுவதற்கு முன், இறங்கிப் போய்ச் சைலன்சர் குழாயைச் சுற்றிப் பனி மூடியிருக்கிறதா என்று பாருங்கள். மூடியிருந்தால் புகை வெளியேற வழியில்லாமல் கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்துவிடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினுடன் அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்கிறது. முதல் அறிகுறிகள் தலைவலி, குமட்டல், சோர்வு. பயணக் களைப்பும் இப்படித்தான் இருக்கும் என்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை. காரில் இருக்கும் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். உடனே எஞ்சினை நிறுத்திக் கதவைத் திறந்து எல்லோரையும் காற்றுக்குக் கொண்டு வந்துவிட்டு, அவசர உதவியை அழையுங்கள். வீடு போய்த் தூங்கினால் சரியாகிவிடும் என்று நினைக்கக் கூடாது, ஆக்சிஜன் கொடுக்க வேண்டியிருக்கலாம். குழாய் சுத்தமாக இருந்தாலும் எஞ்சினைத் தொடர்ந்து ஓட விடாதீர்கள். மணிக்கு 10 நிமிடம், காற்று வராத பக்கத்து ஜன்னலை ஒரு விரல் அளவு இறக்கிவிட்டு. ஆளுக்கொரு போர்வை, தண்ணீர், டார்ச், கைபேசிக்கு சார்ஜர் ஆகியவை டிக்கியின் அடியில் இல்லாமல் கை எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

பூங்காவைப் பற்றி நிறையப் பேர் எழுதுகிறார்கள். நான் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். புது ஷூ போட்டுக்கொண்டு போகாதீர்கள். கர்ப்பிணிகளும் இதய நோயாளிகளும் கழுத்து, முதுகு வலி உள்ளவர்களும் ரைடு வாசலில் இருக்கும் எச்சரிக்கைப் பலகையை மதியுங்கள். காலையில் அறையை விட்டுக் கிளம்பும்போது பிள்ளைகளை அன்றைய உடையில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கூட்டத்தில் தொலைந்தால் தேடுபவர்களிடம் காட்ட உதவும்.

குளிர்காலம் ஃப்ளூவுக்கும் வயிற்றைப் புரட்டும் நோரோவைரஸுக்கும் சீசன். ஃப்ளூ தடுப்பூசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும், அதனால் முந்தைய நாள் வந்து போடச் சொல்லாதீர்கள். நோரோவைரஸிடம் சானிடைசர் அவ்வளவாக எடுபடாது, சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும். ஃப்ளூ தொற்றிய 1 முதல் 4 நாளிலும், நோரோவைரஸ் தொற்றிய 12 முதல் 48 மணி நேரத்திலும் ஆளைச் சாய்க்கும். பூங்காவின் கடைசி நாட்களில் ஒட்டிக்கொண்டது திரும்பும் வழியில்தான் காய்ச்சலாகவும் வாந்தியாகவும் வெளிப்படும். ஓட்டுபவருக்கே வந்தால் அன்றைக்கு வண்டி நகரக் கூடாது. நாட்காட்டியில் காலியாக விடச் சொன்ன அந்த ஒரு நாள் இதற்கும் சேர்த்துத்தான்.

கடைசியாக, கால்கள். மணிக்கணக்கில் மடக்கி உட்கார்ந்தால் கெண்டைக்கால் ரத்தக் குழாய்களில் ரத்தம் தேங்கி உறைந்து கட்டியாகலாம். இதை விமானத்தோடு மட்டும் சேர்த்துப் பேசுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வறிக்கையின்படி, 4 மணி நேரமும் அதற்கு மேலும் அசையாமல் உட்கார்ந்து போகும் எந்தப் பயணமும் இந்த ஆபத்தை ஏறத்தாழ இரண்டு மடங்காக்குகிறது. காரும் பேருந்தும் ரயிலும் அதில் அடக்கம். ஆரோக்கியமானவர்களுக்கு இது அரிதுதான். கர்ப்பிணிகள், கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை ஆனவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள், முன்பு ஒரு முறை இப்படி ரத்தக்கட்டி வந்தவர்கள் ஆகியோர் கிளம்பும் முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கழிவறைக்கு நிறுத்த வேண்டுமே என்று தண்ணீரைக் குறைப்பவர்கள், குறிப்பாக வயதான அம்மாக்கள், அப்படிச் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிறுத்தினால் காலுக்கும் நல்லது, ஓட்டுபவருக்கும் நல்லது. இந்த ஆபத்து வீடு வந்து சேர்ந்ததும் முடிந்துவிடாது, சில வாரங்கள் தொடரும். அதற்குள் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்; திடீரென்று மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். காரில் நெடுந்தூரம் போய் வந்ததை நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். விமானத்தில் போனீர்களா என்று கேட்கத் தெரிந்த எங்களில் சிலருக்கு, காரைப் பற்றிக் கேட்கத் தோன்றாமல் போகலாம்.