குடை ஏன் ‘கொ’ பக்கம் போகிறது?

படக்கார்டுகளை முதல் ஒலி பார்த்துப் பிரிக்கச் சொன்னால், நாலு வயதுக் குழந்தை குடையைக் கொக்கு பக்கத்திலும் இலையை எலி பக்கத்திலும் வைப்பதுண்டு. உடனே கார்டைப் பிடுங்கி மாற்றி வைக்கக் கூடாது. வீட்டில் அது கேட்டது ‘கொட’, ‘எல’. காது சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது.

பேச்சுத் தமிழில் சொல்லின் முதலில் வரும் குறில் இகரமும் உகரமும், அடுத்த எழுத்தில் அகரமோ ஐகாரமோ இருந்தால், பெரும்பாலும் எகரமாகவும் ஒகரமாகவும் திரிந்துவிடும். இடம் ‘எடம்’ ஆகிறது, உலகம் ‘ஒலகம்’, குரங்கு ‘கொரங்கு’. அதனால் தொடக்கத்தில் இந்தச் சொற்களை ஒதுக்கிவிடுங்கள். ‘கு’வுக்குக் குருவி, குச்சி, குதிரை. ‘இ’க்கு இட்லி, இஞ்சி. பேச்சும் எழுத்தும் ஒத்துப்போகும் சொற்களில்தான் ஒலி விளையாட்டைத் தொடங்க வேண்டும்.

எழுத்துக்கு முன் ஒலி எதற்கு? உளவியலாளர் இசபெல் லிபர்மன் குழுவினர் 1974இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சொல்லில் எத்தனை துண்டு இருக்கிறது என்று சிறு குச்சியால் தட்டிக் காட்டும்படி அமெரிக்கக் குழந்தைகளிடம் கேட்டார்கள். நாலு வயதில் ஏறக்குறைய பாதிப்பேர் அசை அசையாக, அதாவது ஓர் உயிரொலிக்கு ஒரு துண்டாக, தட்டினார்கள். தனித்தனி ஒலியாகப் பிரித்துத் தட்ட ஒருவராலும் முடியவில்லை. தமிழ்க் குழந்தைக்கு இது நல்ல செய்தி: நம் உயிர்மெய் எழுத்து ஏறத்தாழ ஓர் அசையின் அளவு. மா-டு, இரண்டு கைதட்டல், இரண்டு எழுத்து. கு-தி-ரை மூன்று. த-லை-ய-ணை நான்கு.

கணக்கு உதைப்பது புள்ளி எழுத்தில். ‘வெங்காயம்’ என்று தட்டினால் வெங்-கா-யம், மூன்று தட்டல். எழுத்தோ ஐந்து. ஆகவே பூ, கை, வீடு, குருவி என்று புள்ளியில்லாத சொற்களில் இரண்டு மூன்று வாரம் ஓட்டிவிட்டு, பிறகு புள்ளிக்கு வேறு சைகை கொடுங்கள். உயிருக்கும் உயிர்மெய்க்கும் கைதட்டல், புள்ளிக்கு முழங்காலில் ஒரு தட்டு. ‘அம்மா’ என்றால் கை, முழங்கால், கை. ஆறு முதல் எட்டுக் குழந்தைகள், பத்து நிமிடம் போதும். அதற்கு மேல் போனால் பக்கத்துப் பிள்ளையின் முழங்காலைத் தட்டத் தொடங்கிவிடுவார்கள்.

பாட்டுக்கு வருவோம். மோனைப் பாட்டு முதல் எழுத்தைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் ண, ள, ழ, ற, ன போன்றவை தமிழ்ச் சொல்லின் முதலில் வராது. ‘ழ-வுக்கு ஒரு சொல் சொல்லு’ என்று கேட்டால் குழந்தை திருதிருவென விழிக்கும். அங்கே எதுகைதான் கைகொடுக்கும்.

பழம் ஒன்று விழுந்தது
குழந்தை துள்ளி எழுந்தது

இரண்டு அடியில் நாலு ‘ழ’, நாலும் இரண்டாம் எழுத்து. முதல் எழுத்து பேச்சில் எப்படித் திரிந்தாலும் பாதகமில்லை. தரையில் சாக்பீஸால் ஒரு முழ உயரத்துக்கு ‘ழ’ எழுதி, பாட்டில் அந்த ஒலி வரும்போதெல்லாம் அதன்மேல் குதிக்கச் சொல்லுங்கள். ‘பளம்’ என்று சொல்லும் குழந்தையை ஆட்டத்தின் நடுவே நிறுத்தித் திருத்த வேண்டாம். நீங்கள் ‘பழம்’ என்று தெளிவாகப் பாடினால் போதும்.

எழுத்தைக் கண்ணில் காட்டுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். உளவியலாளர்கள் லினெட் பிராட்லியும் பீட்டர் பிரையன்ட்டும் 1983இல் வெளியிட்ட ஆய்வில் 65 குழந்தைகளைக் குழுக்களாகப் பிரித்து, சில குழுக்களுக்கு மட்டும் இரண்டு ஆண்டுகளில் 40 முறை ஒலிப் பயிற்சி கொடுத்தார்கள். ஒலியால் சொற்களைப் பிரிக்கக் கற்றவர்களிலும், பிளாஸ்டிக் எழுத்துகளையும் கையில் வைத்துப் பழகியவர்களே வாசிப்பில் முந்தினார்கள். பிளாஸ்டிக் எழுத்து இல்லையென்றால் மணல் தட்டு போதும்.

மெட்டு சில இடங்களில் காலை வாரும். குறிலை இழுத்துப் பாடினால் ‘படம்’ ‘பாடம்’ ஆகிவிடும்; குறிலுக்கு ஒரு தாளம், நெடிலுக்கு இரண்டு என்று பிடிவாதமாக இருங்கள். க, ங, ச, ஞ என்று வரிசையாக ஒப்பிக்கும் பிள்ளைக்கு எழுத்து தெரியும் என்று நம்பிவிடாதீர்கள். ‘ந’விலிருந்து பாடச் சொல்லிப் பாருங்கள். மறுபடி ‘க’விலிருந்து தொடங்கினால், தெரிந்தது பாட்டு மட்டும்தான். இன்னொன்று, ‘பூனை மாதிரித் தொடங்கும் சொல்’ கேட்டால் ‘நாய்’ என்பார்கள். பொருள் முந்திக்கொள்கிறது. ‘பூ... பூ...’ என்று ஒலியை நீட்டிக் கேட்டால் ‘பூட்டு’ வரும்.

ஐந்து வயதுக்கு மேல் கொம்பு. ‘கெ’யில் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலி பின்னால் கேட்கிறது, பாட்டால் இதைக் காட்ட முடியாது, ஆட்களால் முடியும். ஒரு பிள்ளை ‘க’ அட்டையோடு நடுவில் நிற்க, இன்னொன்று ஒற்றைக்கொம்பு, மற்றொன்று கால். ‘கெ’ என்றதும் கொம்பு ஓடிவர வேண்டும். ‘கொ’ என்றால் இருவரும். கொம்பு நிற்க வேண்டியது பார்ப்பவர்களுக்கு இடப்பக்கம். நிற்கிற பிள்ளைக்கு அது வலப்பக்கம் என்பதால், தரையில் முன்கூட்டியே கோடு போட்டுவிடுங்கள். ‘கௌ’ மட்டும் இந்த ஆட்டத்தில் வேண்டாம். அதன் கடைசிக் குறியும் ‘ள’வும் ஒரே உருவம், குழந்தை ‘கெள’ என்று படித்தால் நம்மிடம் பதில் இல்லை.