அப்வியஸ்: யாருக்குத் தோன்றுவது?

கோவை கணபதியில் ஒரு பட்டறை என்று வைத்துக்கொள்வோம். பம்ப் வார்ப்பின் உட்புறம் வளைந்திருக்கும்; தட்டையான சாணைச் சக்கரம் அங்கே நுழையாது. உப்புத்தாளைப் பட்டைகளாக வெட்டிச் சக்கரத்தைச் சுற்றிச் செருகிய கருவி முன்பே உண்டு. ரப்பர் வைத்து வளைந்துகொடுக்கும் தேய்ப்புக் கருவியும் உண்டு. இரண்டையும் இணைத்து ஒருவர் காப்புரிமை கேட்கிறார். ‘இது அப்வியஸ் (obvious)’ என்று காப்புரிமை அலுவலகம் மறுக்கிறது. அவர் சென்னை உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்கிறார். இத்தகைய மேல்முறையீடுகளைக் கேட்டுவந்த தீர்ப்பாயம் 2021இல் கலைக்கப்பட்ட பின் அதுதான் வழி.

வழக்கு முழுவதும் அந்த ஒரு ஆங்கிலச் சொல்லைச் சுற்றியே நடக்கும். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது? அதன் வேர் இலத்தீன்: அதில் ‘ஒப்’ என்றால் எதிரே, ‘வியா’ என்றால் வழி. போகிற வழியில் தானாக எதிர்ப்படுவது என்பதே அதன் முதற்பொருள். இதை ‘வெளிப்படை’ என்று பலர் தமிழாக்குகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. வெளிப்படை, மறைவுக்கு எதிர்ச்சொல். உண்மையில் காப்புரிமையைக் குறிக்கும் ‘பேட்டண்ட்’ என்ற சொல்லுக்குத்தான் அது நெருக்கம்: யாரும் படிக்கும்படி திறந்தே விடப்பட்ட அரச மடலிலிருந்து வந்த பெயர் அது.

நம் காப்புரிமைச் சட்டம் கேட்பது வேறு. அத்தொழிலில் தேர்ந்தவருக்கு இது எளிதில் தோன்றியிருக்குமா? நீதிபதிக்கோ வழக்கறிஞருக்கோ அல்ல, சாணைத் தூசியில் நின்று பழகியவருக்கு. பாத்திரங்களை லேத்தில் பிடித்துச் சுரண்டி மெருகேற்றும் அமைப்பு ஒன்றின் காப்புரிமையை 1978இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. தெரிந்த உறுப்புகளைத் தெரிந்த வழியில் சேர்த்த பட்டறை மாற்றம்தான் அது என்பது தீர்ப்பின் சாரம்.

எனவே ‘எளிதில் தோன்றுவது’ என்பதையே நான் பரிந்துரைப்பேன். தோன்றுதல் என்ற வினை ‘யாருக்கு?’ என்று கேட்க வைக்கிறது. வழக்கின் உயிரான கேள்வியைத் தமிழ் இலக்கணமே எழுப்பிவிடுகிறது. ‘எப்போது?’ என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். விடை தெரிந்த பின் எந்த விடுகதையும் எளிதுதான். இரு பழைய கருவிகளையும் மேசைமேல் அருகருகே வைத்துப் பார்க்கும்போது இணைப்பு உடனே புலப்படும். விண்ணப்ப நாளுக்கு முன் அவற்றை இணைக்கப் பட்டறைக்காரருக்கு என்ன தூண்டுதல் இருந்தது? அவ்வளவு எளிதென்றால், அந்த வளைவை அதுவரை ஏன் கையால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்?