சொல் விளக்கம்: ஓக்கிட், மரவாழை

நுவரெலியாவிலிருந்து ஹக்கல நோக்கி இறங்கும் பாதையில், பனிமூட்டத்துக்குள் பாதி மறைந்து நின்ற பலகையொன்றில் "ஓக்கிட் தவறணை" என்று எழுதியிருந்தது. உடன் வந்த யாழ்ப்பாணத்து நண்பர் சிரித்துவிட்டார். தவறணை என்றால் அவருக்குக் கள்ளு விற்கும் இடம், மலையகத்திலோ அது கன்று வளர்க்கும் இடம். அதன் கதையைப் பிறகு பார்க்கலாம். இங்கே நாம் எடுத்துக்கொள்வது முதற்சொல்லை.

தமிழகத்தில் ஆர்க்கிட் என்று வழங்கும் இப்பூச்செடிப் பெயரின் மூலம், ஆணின் விரையைக் குறிக்கும் 'ஓர்கிஸ்' என்னும் கிரேக்கச் சொல். மத்தியதரைக் கடலோரங்களில் நிலத்தில் வளரும் சில இனங்களுக்கு மண்ணுக்கடியில் இரட்டைக் கிழங்கு உண்டு. அந்தத் தோற்றத்தால் வந்த பெயரை அரிஸ்டோட்டிலின் மாணாக்கரான தியோபிராஸ்டஸ் எழுதிவைத்தார். ஆங்கிலத்தில் இன்றுள்ள வடிவத்தை 1845இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஜோன் லிண்ட்லி என்ற தாவரவியலாளர்.

ஆனால் அந்தத் தவறணையில் கிழங்கும் இல்லை, மண்ணும் இல்லை. கரித்துண்டும் ஓட்டுச் சில்லும் தேங்காய்ப் பொச்சும் நிரப்பிய சட்டிகளிலிருந்து வேர்கள் வெளியே தொங்கின. அங்கு வேலை செய்த அம்மா ஒரு வேரின்மேல் நீர் தெளித்து, "பாருங்க ஐயா, இப்ப பச்சையாகும்" என்றார். வெள்ளிச் சாம்பல் நிறத்திலிருந்த வேர், பஞ்சு போன்ற மேலுறை நீரை உறிஞ்சியதும், உள்ளிருந்த பச்சையைக் காட்டியது. காற்றிலும் மழையிலும் பிழைக்கும் இச்செடிக்கு மரம் வெறும் பற்றுக்கோடுதான். மரத்தின் சாற்றையே உறிஞ்சி வாழும் புல்லுருவியின் பெயரை இதற்கும் சூட்டுவது பிழை. மந்தாரை என்று மொழிபெயர்ப்பது அதைவிடப் பெரிய பிழை, ஏனெனில் மந்தாரை அவரைக் குடும்பத்து மரம்.

பொருத்தமான சொல் நம் பக்கத்திலேயே இருக்கிறது. கொச்சியில் டச்சு ஆட்சியை நடத்திய வான் ரீட், 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' நூலில், மரத்தில் வளரும் இவ்வகைச் செடிகளுக்கு 'அஞ்செலி மரவார', 'காஞ்சிர மரவார' போன்ற மலையாளப் பெயர்களைப் பதிந்திருக்கிறார். 'மரவார' என்பது மரவாழையே. அஞ்செலி எனப்படும் அயினி மரத்தில் தொற்றியது ஒன்று, காஞ்சிரம் எனப்படும் எட்டி மரத்தில் தொற்றியது மற்றொன்று. கிரேக்கர் கிழங்கைப் பார்த்துப் பெயரிட, நம்மவர் அது குடியிருக்கும் மரத்தைப் பார்த்துப் பெயரிட்டார்கள்.

இருந்தும் மரவாழையை ஓக்கிட் குடும்பம் முழுவதற்கும் பெயராக்க நான் துணியமாட்டேன். இலங்கைக் காடுகளின் நிழலில், பொன்னிற நரம்போடிய இலைகளுடன் நிலத்தில் படர்ந்து வளரும் வனராஜாவும் ஓக்கிட்தான். அதை மரவாழை என்றால் சொல்லே பொய்யாகிவிடும். மரத்தில் தொற்றுவனவற்றுக்கு மரவாழையும் குடும்பத்துக்கு ஓக்கிட்டும் இருக்கட்டும்.