சொல் விளங்காத வயதில் கதை என்ன செய்கிறது?

கொழும்பு வெள்ளவத்தையின் கடற்கரைப் பக்கத் தொடர்மாடிகளில் அடிக்கடி காணக்கூடிய காட்சி இது. அம்மம்மா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பால்கனியில் நிற்பார். தூரத்தில் ரயில் சத்தம் கேட்கும். "அந்தா வருது... வருது... வருது..." என்று குரல் மெல்ல மெல்ல ஏறும். ரயில் கடக்கும் நேரம் கண்ணை விரித்து "கூ...!" என்பார். பிள்ளை கையையும் காலையும் உதறிச் சிரிக்கும். அப்புறம் குரல் தணியும். "போயிட்டுது. தெகிவளைக்குப் போயிட்டுது." பிள்ளையின் உடம்பும் கூடவே தளரும்.

ஆறு மாதப் பிள்ளைக்கு இது முழுமையான ஒரு கதை. ரயில் என்றால் என்ன, தெகிவளை எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. ஏதோ வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பு, வந்ததும் ஒரு துள்ளல், போனதும் ஓர் ஆறுதல். பயத்திலும் கோபத்திலும் ஆசையிலும் பின்னாளில் அந்தப் பிள்ளை போய்வரப்போகும் பாதை இதுதான். ஏறுவது யாரும் சொல்லித்தராமலே வரும். இறங்குவதுதான் கஷ்டம். கதை அந்த இறக்கத்தைப் பழக்குகிறது என்பதுதான் என் எண்ணம்.

கஷ்டத்துக்குக் காரணம் மூளை வளரும் ஒழுங்கு. ஆபத்து என்று உடம்பை உசுப்பிவிடும் அமிக்டலா என்ற மூளைப் பகுதி வாழ்க்கையின் தொடக்கத்திலேயே வேலை செய்கிறது. அதை அடக்கி நிதானப்படுத்த வேண்டிய பகுதி நெற்றிக்குப் பின்னால் இருக்கிறது. அது இருபது வயது தாண்டியும் முதிர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே கைக்குழந்தையால் தனியாகத் தன்னை ஆற்றிக்கொள்ள முடிவது மிகக் குறைவு. தூக்கி வைத்திருப்பவரின் குரல், மூச்சு, சூடு ஆகியவற்றிலிருந்துதான் அது அமைதியை எடுத்துக்கொள்கிறது.

அந்தக் குரல் பிறப்பதற்கு முன்பே பழக்கமாகிவிடுகிறது. வயிற்றில் ஏறக்குறைய 25 கிழமை ஆகும்போது சிசுவுக்குச் சத்தம் கேட்கத் தொடங்கும். அமெரிக்க உளவியலாளர் அந்தனி டிகாஸ்பரும் மெலனி ஸ்பென்ஸும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பிணிகள் கடைசி ஆறு கிழமைகள் ஒரே கதையைத் தினமும் சத்தமாக வாசித்தார்கள். பிறந்து சில நாளேயான பிள்ளைகளின் வாயில் ஒரு சூப்பியை வைத்து, சூப்பும் வேகத்தை மாற்றினால் கதையும் மாறும்படி ஏற்பாடு செய்தார்கள். வயிற்றில் கேட்ட கதை வரும் விதமாகவே பிள்ளைகள் சூப்பின. வேறொரு பெண் வாசித்தபோதும் அப்படித்தான். சொல் தெரியாவிட்டாலும் கதையின் ஓசை நடை நினைவில் இருந்திருக்கிறது.

ஓசையோடு உணர்ச்சியும் போய்ச் சேர்கிறது. ஆன் ஃபெர்னால்ட் 1993இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளர்ந்த ஐந்து மாதப் பிள்ளைகளுக்கு முன்பின் கேட்டிராத ஜெர்மன், இத்தாலிய மொழிகளில் பாராட்டையும் கண்டிப்பையும் ஒலிக்கவிட்டார். பாராட்டுக்கு முகம் மலர்ந்தது, கண்டிப்புக்கு மலரவில்லை. ஜப்பானிய மொழிப் பதிவுகளில் மட்டும் அந்த வேறுபாடு பிடிபடவில்லை. அவற்றில் குரலின் ஏற்ற இறக்கம் குறைவாக இருந்தது காரணமாகலாம் என்று அவர் கருதினார். பிள்ளையோடு பேசும்போது நாம் வெட்கமில்லாமல் குரலை இழுத்து, உயர்த்தி, குழைப்பதற்கு நல்ல காரணம் இருக்கிறது.

கொழும்பில் இதை ஒட்டிய ஒரு கவலை உண்டு. சர்வதேசப் பாடசாலையில் சேர்க்க வேண்டும் என்று, தங்களுக்கே சரளமாக வராத ஆங்கிலத்தில் கைக்குழந்தையோடு பேசுகிற பெற்றோர் பலர். ஆங்கிலம் வரட்டும், நல்லது. ஆனால் கதையைக் கோபமும் கொஞ்சலும் உங்களுக்கு இயல்பாக வரும் மொழியில் சொல்லுங்கள். பிள்ளை முதலில் பிடித்துக்கொள்வது அந்தக் கொஞ்சலைத்தான்.

குரல் மட்டும் போதுமா? போதாது. எட்வர்ட் ட்ரொனிக் 1970களில் செய்த சோதனை இதற்குப் பெயர்போனது. பிள்ளையோடு சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் தாய், திடீரென்று முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் சில நிமிடம் இருக்க வேண்டும். பிள்ளை முதலில் சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், சத்தம் போடும். பலன் இல்லை என்றதும் முகத்தைத் திருப்பும், சில பிள்ளைகள் அழும். அதற்கு வேண்டியது தன் சிரிப்புக்கு ஒரு பதில். கதை சொல்லும்போது "ம்..." என்று பிள்ளை முனக, "ஓமோம், பிறகு காகம் என்ன செய்தது தெரியுமா?" என்று நாம் கேட்பது அந்தப் பதில்தான்.

இதைப் படித்துவிட்டுக் களைத்துப்போன தாய்மார் மனம் நோகக்கூடாது. நன்றாகப் பழகும் தாயும் பிள்ளையும்கூட ஒத்த மனநிலையில் இருப்பது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் என்று ட்ரொனிக்கின் ஆய்வுகளே காட்டின. மீதி நேரம் தவறவிடுவதும் திரும்பப் பிடிப்பதும்தான். அறுந்தது மறுபடி சேரும் என்று பிள்ளை கற்றுக்கொள்வதே அந்தத் திரும்பப் பிடித்தலில்தான்.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 9 முதல் 15 மாதப் பிள்ளைகளின் மூளையையும், அவர்களோடு விளையாடி, பாடி, கதை வாசித்த பெரியவரின் மூளையையும் ஒரே நேரத்தில் அளந்து 2020இல் வெளியிட்டார்கள். இருவரின் மூளைச் செயற்பாடும் ஒத்து ஏறி இறங்கியது. அதே பெரியவர் வேறு பக்கம் திரும்பி இன்னொருவருக்குக் கதை சொன்னபோது அந்த ஒத்திசைவு இல்லாமல் போனது. போனில் காணொளியை ஓடவிட்டுச் சோறு தீத்தும்போது எது விடுபடுகிறது என்பது இதிலிருந்து விளங்கும். வீடியோ அழைப்பு வேறு விடயம். 2017இல் வெளியான ஓர் ஆய்வில், ஒன்று முதல் இரண்டு வயதுப் பிள்ளைகள் ஒரு கிழமை திரை வழியே நேரடியாகப் பழகிய ஆளை அடையாளம் கண்டு விரும்பினார்கள். பதிவுசெய்த காணொளியில் பார்த்த ஆளிடம் அப்படி நடக்கவில்லை. ரொறன்ரோவில் இருக்கும் அப்பம்மா அழைப்பில் கதை சொன்னால் தாராளமாகச் சொல்லட்டும்.

ஒரு வயது நெருங்கும்போது சொற்கள் உள்ளே வரத் தொடங்கும். நம் தாலாட்டுகளில் ஒரு வகை உண்டு: யார் அடித்து அழுகிறாய் என்று கேட்டு, மாமனா, அத்தையா என்று ஒவ்வொருவராக விசாரித்து, அடித்ததும் பூச்செண்டால்தான் என்று சொல்லும். அழாதே என்று அதட்டவில்லை. அழுகைக்கு ஒரு காரணம் இருக்கிறது என்று முதலில் ஒப்புக்கொள்கிறது. "காகம் கத்தினதும் பயந்திட்டியா?" என்று கேட்பதும் அதே வேலை. ஜூடி டன்னும் உடன் ஆய்வாளர்களும் 1991இல் காட்டியது இதற்குப் பொருந்துகிறது: மூன்று வயதில் வீட்டில் உணர்ச்சிகளைப் பற்றி அதிகம் பேசக் கேட்ட பிள்ளைகள், ஆறு வயதில் மற்றவர்களின் உணர்ச்சியை நன்றாகப் புரிந்துகொண்டார்கள்.

கடைசியாக, கதை சொல்பவர்கள் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒரு விடயம். பிள்ளை நடுவில் முகத்தைத் திருப்பினால் பிடிக்கவில்லை என்று நினைத்து இன்னும் சத்தமாகச் சொல்வோம். முகத்தைத் திருப்பச் சில நொடி முன் பிள்ளையின் இதயத்துடிப்பு கூடுகிறது, திருப்பிய பின் குறைகிறது என்று டிஃபனி ஃபீல்ட் 1981இல் அளந்து காட்டினார். பிள்ளை தன்னைத் தானே ஆற்றிக்கொள்கிறது. பேசாமல் இருந்தால் பெரும்பாலும் தானாகவே திரும்பிப் பார்க்கும், அப்போது தொடரலாம். முதுகை வளைத்து, கொட்டாவி விட்டு, மறுபடி மறுபடி திரும்பினால், அன்றைக்குக் காகம் வடையைத் தூக்கிக்கொண்டு போனதோடு நிறுத்திவிடலாம். நரி நாளைக்கு வரட்டும்.