பிராட் பீன்ஸ் முளைக்கவில்லையா? முதலில் தண்ணீரைக் குறையுங்கள்

வீட்டில் காய்கறித் தோட்டம் புதிதாகப் போடுபவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. பிராட் பீன்ஸ் விதைக்கும் பருவம் வந்துவிட்டால் யாராவது ஒருவர் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார். "மூணு வாரம் ஆச்சு, ஒண்ணுமே வரலை" என்பார். விரலை விட்டு மண்ணைக் கிளறிப் பார்ப்பேன். விதை கையில் தட்டுப்படும், தோல் முழுசாக இருக்கும். லேசாக அமுக்கினால் உள்ளேயிருந்து கூழ் பிதுங்கும், அழுகல் நாற்றம் அடிக்கும். விதையில் குறை இல்லை. தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றியதில், காற்று கிடைக்காமல் மண்ணுக்குள்ளேயே செத்திருக்கிறது.

இந்தப் பயிரில் நான் பார்த்த தோல்விகளில் பெரும்பாலானவை அளவுக்கு மீறிக் கவனித்ததால் வந்தவை. மிச்சம், வேறு ஏதோ செடி என்று நினைத்து வளர்த்ததால் வந்தவை.

அதனால் பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்ளலாம். ஃபாவா பீன்ஸ் என்பதும் இதுதான். தமிழில் சிலர் 'அகன்ற அவரை' என்று எழுதுகிறார்கள். அதைப் படித்துவிட்டு, அவரை மாதிரி பந்தலில் படரும், வெயிலைத் தாங்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். இரண்டும் ஒரே பயறுக் குடும்பம்தான், ஆனால் பேரினமே வேறு. அவரை லாப்லாப், இது விசியா ஃபாபா. இதற்குச் சுற்றிப் படரும் கொடி கிடையாது, பற்றுக்கம்பியும் கிடையாது. நான்கு பட்டையாக, உள்ளே குழலாக இருக்கும் தண்டு நேராக மேலே போகும். பெயர் தெரிவது உடல்நலத்துக்கும் முக்கியம். அதைக் கடைசியில் சொல்கிறேன், தவறாமல் படியுங்கள்.

இது குளிர்ப் பருவத்துப் பயிர். வெப்பநிலை 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் இருந்தால் நன்றாக வளரும். 25-ஐத் தாண்டிப் போகப் போகப் பூ உதிரும், காய் பிடிப்பது குறையும். வசந்தத் தொடக்கத்தில் விதைத்தால் பறிப்புக்குச் சுமார் 14 வாரம் ஆகும். இலையுதிர்காலத்தில் விதைத்துக் கடும் குளிரைத் தாண்டி வரும் செடி 26 வாரத்துக்கு மேலும் எடுத்துக்கொள்ளும். உங்கள் இடத்தில் வெயில் எப்போது ஏறத் தொடங்குகிறதோ அங்கிருந்து பின்னோக்கி எண்ணி விதைக்கும் நாளைக் குறியுங்கள். வேறு எங்கோ இருப்பவர் சொன்ன மாதத்தை நம்பி விதைப்பதால்தான் நிறையப் பேருக்குச் செடி மட்டும் வளர்ந்து காய் பிடிக்காமல் போகிறது. இலையுதிர்கால விதைப்புக்கு அக்வாடுல்ஸ் கிளாடியா பேர்போன ரகம். தொட்டியில் வளர்க்க, காற்று அடிக்கும் இடத்தில் வைக்க, குட்டையாக நிற்கும் தி சட்டன் போதும்.

சரி, விதைக்கு வருவோம். கட்டைவிரல் நகத்தைவிடப் பெரிதாக, தட்டையாக இருக்கும். வட்டமாக ஓட்டை விழுந்திருந்தால் வண்டு துளைத்தது. அதில் சில முளைக்கவும் செய்யும், ஆனால் முதல்முறை விதைப்பவர் ஓட்டை இல்லாததையே எடுங்கள். ஊறவைப்பது கட்டாயமில்லை. ஊறவைத்தால் ஓர் இரவோடு நிறுத்துங்கள். ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில், விதைக்கு விதை 20 சென்டிமீட்டர் விட்டு, வரிசைக்கு வரிசை 45 சென்டிமீட்டர் விட்டு ஊன்றுங்கள். விதைக்கும் முன்பு பாத்தியை ஒருமுறை நன்றாக நனையுங்கள். அப்புறம் விரலை ஒரு கணு ஆழம் விட்டுப் பார்த்து, அங்கே காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். மிதமான குளிரில் இரண்டு வாரத்தில் முளை தெரியும். மண் நன்றாகக் குளிர்ந்திருந்தால் மூன்று, நான்கு வாரமும் ஆகும். அந்த நாட்களில் தோண்டித் தோண்டிப் பார்க்காதீர்கள், இளவேர் ஒடிந்துவிடும். எலி நடமாட்டம் இருந்தால் பாத்தி மேல் கம்பிவலை போடுங்கள். இந்த விதையை அது தேடி வந்து தோண்டும்.

சாதாரண பீன்ஸ் முளைக்கும்போது இரண்டு பருப்பையும் தலையில் சுமந்துகொண்டு மேலே வரும். பிராட் பீன்ஸில் பருப்பு மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும், வெளியே வருவது வளைந்த பச்சைக் குருத்து மட்டும். இது தெரிந்திருப்பது நல்லது. நத்தையோ பறவையோ குருத்தைக் கடித்துவிட்டால், 'போச்சு' என்று பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். கீழே பருப்பில் சத்து மிச்சம் இருக்கிறது, அடியிலிருந்து இன்னொரு தளிர் கிளம்பி வரும். பத்து நாளாவது பொறுத்துப் பாருங்கள்.

உரம் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. நான் வாயால் பதில் சொல்வதைவிட ஒரு செடியைக் காட்டிவிடுவேன். மண்ணோடு தோண்டி எடுத்து, வேரை வாளித் தண்ணீரில் மெதுவாக அலசினால், கடுகு அளவிலும் மிளகு அளவிலும் முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பு. அதற்குள் இருக்கும் ரைசோபியம் பாக்டீரியா காற்றில் உள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது. அந்தச் சிவப்பு, லெக்ஹீமோகுளோபின் என்ற புரதத்தின் நிறம். நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினுக்கு உறவு. இவ்வளவு ஏற்பாட்டோடு நிற்கும் செடிக்கு மேலும் யூரியா போட்டால் முடிச்சு குறையும், தழை மட்டும் கொழுக்கும், சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சியான அசுவினிதான் கொண்டாடும். விதைக்கும் முன் மட்கிய குப்பை போட்டால் போதும்.

முழங்கால் உயரம் வந்ததும் வரிசையின் நான்கு மூலையிலும் குச்சி நட்டு, சுற்றிலும் கயிறு கட்டுங்கள். காய்ப் பாரத்தில் ஒரு காற்று மழைக்கு மொத்தமாகச் சாய்ந்துபோன பாத்திகளைப் பார்த்திருக்கிறேன்.

பூ வெள்ளையாக, நடுவில் மை தொட்டு வைத்த மாதிரிக் கரும்புள்ளியோடு இருக்கும். பூக்கும் எல்லாமே காயாகாது. பாதிக்கு மேல் உதிர்ந்தாலும் பதற வேண்டாம். தண்ணீர் தாராளமாகக் கேட்கும் நேரம் இதுதான். ஆரம்பத்தில் ஊற்றித் தள்ளியவர்கள் சரியாக இந்தச் சமயம் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள். பூவிலிருந்து காய் பருக்கும்வரை மண் காயவே கூடாது. தேனீ வந்துபோனால் காய் பிடிப்பு கூடும் என்பதால் பூச்செடியில் பூச்சிமருந்து தெளிக்காதீர்கள்.

கருப்பு அசுவினி நுனித் தளிரில்தான் முதலில் அடை அடையாக உட்காரும். அடியில் முதல் காய்கள் தெரிந்ததும் ஒவ்வொரு தண்டின் நுனியையும் ஏழெட்டு சென்டிமீட்டர் கிள்ளிவிடுங்கள். அசுவினிக்கு இடம் போகும், சத்தும் காய்க்குத் திரும்பும். இலையில் பழுப்பாகச் சாக்லேட் தெறித்த மாதிரிப் புள்ளிகள் வந்தால் அது பூஞ்சை நோய். நெருக்கமாக நட்டு ஈரம் தேங்கும் இடத்தில் வரும். அதற்காகத்தான் அந்த 20 சென்டிமீட்டர்.

பறிப்பதைக் கீழேயிருந்து தொடங்குங்கள். ஒரு காயை உரித்து, விதை காயோடு ஒட்டியிருந்த தழும்பைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் சரியான பதம். கருத்துவிட்டால் தோல் தடித்துப்போயிருக்கும். பறிப்பு முடிந்ததும் தண்டைத் தரையோடு வெட்டிவிட்டு வேரை மண்ணிலேயே விட்டுவிடுங்கள்.

இப்போது அந்த எச்சரிக்கை. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு பிராட் பீன்ஸ் ஆபத்தானது. உலகில் சுமார் 40 கோடிப் பேருக்கு இந்தக் குறைபாடு உண்டு என்பது மதிப்பீடு. பரம்பரையாக வருவது, ஆண்களிடம் அதிகம். பலருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது. இந்த விதையில் உள்ள வைசின், கான்வைசின் என்ற பொருட்கள் அவர்கள் உடலில் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கக்கூடும். சாப்பிட்ட ஓரிரு நாளில் சோர்வு, வெளிறல், கண் மஞ்சளாதல், சிறுநீர் கருத்துப் போதல் இவற்றில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள், பிராட் பீன்ஸ் சாப்பிட்டதைச் சொல்லுங்கள். வேகவைத்தால் சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள். குறைபாடுள்ள கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் வழியாகவும் போகக்கூடும்.

விதைக்கும் முன்பே வீட்டில் யாருக்காவது இந்தக் குறைபாடு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். விளைந்ததை அடுத்த வீட்டுக்குக் கொடுக்கும்போது 'அவரை' என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். பிராட் பீன்ஸ், ஃபாவா பீன்ஸ் என்று இரண்டு பெயரையும் சொல்லி, இந்தக் கேள்வியையும் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.